அகம் புறமாகும் காலம்

தமிழர்தம் வாழ்வியலை அகம் என்றும் புறம் என்றும் இரு கூறாக வகுத்தனர் நம் முன்னோர். இலக்கியம் கற்கப் புகுவோர்க்கு இஃது அரிச்சுவடி. முதலாண்டு மாணவரும் தேர்வுத்தாளில் இதனை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர். ஆயினும் இப்பகுப்பினுள் பொதிந்து கிடக்கும் ஓர் அறத்தை நாம் வகுப்பறையில் போதிய அளவு எடுத்துரைத்ததில்லை. அன்பின் ஐந்திணையைப் பாடும் புலவர் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. கொற்றவன் ஆயினும் குறவர் மகள் ஆயினும் அகத்துள் வந்துவிட்டால் அவர்க்குப் பெயர் இல்லை. போர்க்களத்தில் பெயர் வேண்டும். கொடையில் பெயர் வேண்டும். இருவர் நெஞ்சுள் நிகழ்வதற்குப் பெயர் வேண்டா எனக் கருதிய சமுதாயம் நம்முடையது.

இம்மரபு எத்துணை நுட்பமானது என்பதற்குப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையே சான்று. பிரிவால் வாடும் அரசியையும், பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனையும் நக்கீரர் அதில் பாடுகின்றார். பாட்டில் அவ்விருவர் பெயரும் இல்லை. ஆயினும் அரசனுக்கு முன்னே செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்ததாக ஒரு சிறு குறிப்பு வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளம் ஆளைக் காட்டிவிட்டது என்று கண்ட உரையாசிரியர் நச்சினார்க்கினியர், இப்பாட்டை அகம் எனக் கொள்ளாது புறம் எனக் கொண்டார்.

பெயரைச் சொல்லாவிடினும், ஆளைக் காட்டிக் கொடுக்கும் குறிப்பு ஒன்று வெளிப்படுமாயின் அகம் புறமாகிவிடும் என்பதே இதன் பொருள். இன்று உலகெங்கும் பேசப்படும் தனியுரிமைச் சிக்கலை விளங்கிக்கொள்ள இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்திலது.

இக்காலத்து வேம்பு

காந்திபுரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் தேநீர் அருந்திவிட்டுச் செல்பேசியால் பணம் செலுத்துகின்றார். எவ்விடம், எந்நேரம், எவ்வளவு தொகை என்பன அக்கணமே எங்கோ பதிவாகின்றன. துணிக்கடையில் பில் போடுமுன் செல்பேசி எண்ணைக் கேட்கின்றனர். மருந்துக் கடையிலும் அவ்வாறே கேட்கின்றனர். மாதந்தோறும் ஒருவர் வாங்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கண்டால், அவருடைய நோய் இன்னதென அறிய மருத்துவர் வேண்டுவதில்லை. அவர் எவரிடமும் தம் நோயைக் கூறவில்லை. ஆயினும் நோய் வெளிப்பட்டுவிட்டது. செல்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது, எவரோடு எத்தனை நிமிடம் பேசிற்று என்னும் விவரங்கள் பேச்சை ஒட்டுக்கேளாமலேயே வாழ்க்கையைப் படித்துக் காட்டுகின்றன. இவையெல்லாம் இக்காலத்து வேலின் தலையில் கட்டிய வேம்புகள்.

இவற்றால் விளைந்த தீங்குகள் கற்பனையல்ல. உடனடிக் கடன் தருவதாகக் கூறிய சில செயலிகள், கடன் வாங்கியோரின் செல்பேசியிலிருந்த முகவரிப் பட்டியல் முழுவதையும் கவர்ந்துகொண்டன. தவணை தவறிய அளவில் உற்றார் உறவினர்க்கெல்லாம் இழிசொல் அனுப்பி அவர்களைத் தலைகுனிய வைத்தன. நாடெங்கும் முறையீடுகள் பெருகியபின், 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய செயலிகள் முகவரிப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என நெறிமுறை வகுத்தது. 2023 சூனில், செல்பேசி எண்ணைத் தட்டச்சு செய்தால் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் விவரங்களை டெலிகிராம் வழியே தரும் வசதியொன்று உலவியது. கோவின் தளம் நேரடியாக ஊடுருவப்படவில்லை என நடுவண் அரசு மறுத்தது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தினுள்ளேயே பிறர் நுழைந்துவிட்ட செய்தி வெளியாயிற்று. காக்கும் கருவூலத்துக்கே காவல் போதவில்லை என்பதை இது காட்டிற்று.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்? நம்மிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" எனக் கேட்போர் உளர். கற்றோரும் இவ்வினாவை எழுப்பக் கேட்டிருக்கின்றோம். அகப்பாட்டின் தலைவனும் தலைவியும் தவறு செய்தவர் அல்லர். அவர்தம் அன்பு உலகம் போற்றும் ஒழுக்கமே. ஆயினும் புலவன் அவர்தம் பெயரைச் சொல்லவில்லை. மறைத்தல் வேறு, தனித்திருத்தல் வேறு. குளியலறைக்குத் தாழிடுவோரை எவரும் குற்றவாளி என்று ஐயுறுவதில்லை.

இவ்வறத்தை இறைமறையும் வலியுறுத்துகின்றது. பிறர் இல்லத்துள் அனுமதி கேட்டு ஸலாம் உரைத்த பின்னரே நுழைதல் வேண்டும் என்றும், திரும்பிச் செல்க எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகின்றது. மும்முறை கேட்டும் விடை கிடைக்காவிடில் மீண்டுவிடுக என்பது நபிமொழி. இன்று நம் செல்பேசியில் ஒரு செயலி, 'ஒப்புகிறேன்' என்பதை அழுத்தினாலன்றி உள்ளே விடுவதில்லை. மறுத்தால் நாம்தாம் வாயிலில் நிற்க வேண்டியுள்ளது. விருந்தினன் வீட்டுக்காரனை வெளியே நிறுத்தும் விந்தை இது.

ரேகைச் சட்டம்

அடையாளம் பதிதலின் கொடுமையைத் தமிழகம் முன்பே கண்டதுண்டு. 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனச் சில சாதியார் முத்திரை குத்தப்பட்டனர். அவர்கள் கைரேகையைப் பதிந்து, குறித்த வேளையில் தம் இருப்பைத் தெரிவித்தல் வேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அவர்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். பெண் ஒருவர் உட்பட 16 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

அதே 1920ஆம் ஆண்டில் கைதிகளின் ரேகையையும் அளவுகளையும் எடுப்பதற்கெனத் தனிச் சட்டமொன்றும் வந்தது. ஒரு நூற்றாண்டு கடந்து, 2022இல் அதன் இடத்தில் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்துள்ளது. கைரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் எடுக்க இது இடந்தருகின்றது. எடுத்தவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒரு மனிதனின் ஆயுளையே ஒத்த கால அளவு இது.

இன்றைய ஆதாரும் அன்றைய ரேகைச் சட்டமும் ஒன்றே என நாம் கூற வரவில்லை. அது தண்டிக்க வந்தது. இது நலத்திட்டம் வழங்க வந்தது. எனினும் நியாயவிலைக் கடையில் வரிசையில் நிற்கும் முதியவரைப் பாருங்கள். பவானியில் ஜமுக்காளம் நெய்தும், சோமனூரில் விசைத்தறி ஓட்டியும், திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணி அலசியும் அவர்தம் விரல்கள் தேய்ந்திருக்கின்றன. "இன்னொரு விரல வைங்க பாட்டி" என்று ஊழியர் மீண்டும் மீண்டும் கூறுகின்றார். உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் அறியவில்லை. நாற்பது ஆண்டுகளாக அதே தெருவில் வாழ்ந்தவர், தாம் தாமே என்பதை ஒரு கருவியின்முன் மெய்ப்பிக்க வேண்டியவராகின்றார்.

வள்ளுவர் கண்ட ஒற்று

அரசுக்கு ஒற்று வேண்டா என்பது நம் கருத்தன்று. வள்ளுவரே பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆயினும் அவ்வதிகாரத்தை ஊன்றிப் பயில்வோர் இரண்டு வரம்புகளை உணரலாம். யாரை ஒற்றறிதல் வேண்டும் எனக் கூறுமிடத்து, அரச வினை செய்வோர், அரசனின் சுற்றத்தார், பகைவர் என்றே அவர் எண்ணுகின்றார். அதிகாரம் உடையோரையும் அதனைக் கவர எண்ணுவோரையுமே அவர் சுட்டினார். உழவரும் நெசவரும் அப்பட்டியலில் இல்லை. மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை அவ்வாறே நம்பலாகாது. ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் தெளிதல் வேண்டும் என்பது அவர் விதித்த நெறி.

இக்காலத்தில் முகத்தைக் கண்டறியும் கருவிகளுக்கு இத்தகைய ஐயப்பாடு இல்லை. முகம் 80 விழுக்காடு ஒத்திருந்தாலே பொருத்தம் எனக் கொள்வதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த கேள்விக்கு டெல்லிக் காவல்துறை 2022இல் விடையளித்தது. எஞ்சிய 20 விழுக்காட்டில் ஒரு குற்றமற்றவனின் வாழ்நாள் அடங்கியிருக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரிந்த சாவடி

கோவையில் வாழ்வோர்க்குக் கண்காணிப்பு புதியதன்று. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் மாண்டன. அந்தத் துயரினை இந்நகரம் இன்றும் மறக்கவில்லை. அக்காலத்தில் உக்கடம், கோட்டைமேடு பகுதிகளில் காவல் சோதனைச் சாவடிகள் இருந்தன. நாம் அப்போது பள்ளி, கல்லூரிப் பருவத்தினர். பையைத் திறந்து காட்டிவிட்டுச் செல்வது நாள்தோறும் நிகழ்ந்தது. வெடித்துச் சிதறிய ஊரில் பாதுகாப்பு வேண்டியதாயிருந்தது என்பதையும், ஒரு பகுதியில் குடியிருப்பதே ஐயத்துக்குக் காரணமாயிற்று என்பதையும் ஒருங்கே நாம் அறிவோம்.

இன்று எண்ணிப் பார்க்கும்போது அச்சாவடியிடத்து ஒரு நேர்மை இருந்ததாகத் தோன்றுகின்றது. அது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெரிந்தது. சோதித்தவர் முகம் தெரிந்தது. 'இதனை அகற்றுக' எனக் கோர முடிந்தது. ஒருநாள் அவை அகற்றவும் பட்டன. இன்றைய சாவடிக்குக் கம்பமும் இல்லை, தடுப்பும் இல்லை. கோட்டைமேட்டில் வாழ்வோர் மட்டுமல்லர்; ஆர். எஸ். புரத்தாரும் அதனூடேதான் செல்கின்றனர். எவரும் தாம் சோதிக்கப்பட்டதை அறிவதில்லை. அறியாத ஒன்றை அகற்றுமாறு கேட்பது எவ்வாறு?

நீதிமன்றம் தந்த உரிமை

தனியுரிமை மேலைநாட்டு இறக்குமதி என்பார்க்கு ஒரு செய்தி கூறுவோம். இந்தியாவில் இவ்வுரிமையை வளர்த்த தீர்ப்புகளில் ஒன்று தமிழகத்து வழக்கில் பிறந்தது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்தது அவ்வழக்கு. 1994 அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தனித்து விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியுள்ளது என அது கூறிற்று. அதே வேளையில், அதிகாரிகள் தம் செயல்கள் வெளிவராதவாறு ஏட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது எனவும் உரைத்தது. குடிமகனுக்குத் திரை, ஆள்வோர்க்கு வெளிச்சம் என்பது அதன் சாரம்.

பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012இல் ஆதார் தொடர்பாகத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். 2018 செப்டம்பர் 26இல் வந்த ஆதார்த் தீர்ப்பு அத்திட்டத்தை நிலைநிறுத்தியது. எனினும் பள்ளிச் சேர்க்கைக்கு அதனைக் கட்டாயமாக்கலாகாது என்றும், தனியார் நிறுவனங்கள் வற்புறுத்த இயலாது என்றும் வரம்பிட்டது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் செல்பேசி அழைப்புப் பதிவுகளைக் கணவன் கள்ளத்தனமாகப் பெற்றுச் சான்றாகக் காட்டுவதை ஏற்க மறுத்தது. கணவன் மனைவியரிடையேயும் தனியுரிமை உண்டு என்பதே அதன் கருத்து. 2025 சூலையில் அதே உயர் நீதிமன்றம், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இன்றித் தொலைபேசியை ஒட்டுக்கேட்டல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

நாம் செய்த பிழை

பிறரைக் குறைகூறும் நாம் நம் பிழையையும் ஒப்புக்கொள்ளுதல் அறம். சில ஆண்டுகட்கு முன் உதவித்தொகைக்குரிய மாணவர் பட்டியல் ஒன்று நம் கைக்கு வந்தது. பெயர், சாதி, பெற்றோர் வருமானம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் அனைத்தும் அதில் இருந்தன. விரைவில் சரிபார்க்க வேண்டும் என்னும் ஆர்வத்தால் அதனை அவ்வாறே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இட்டோம். மறுநாள் மாணவி ஒருவர் துறை வாயிலில் தயங்கி நின்றார். "ஐயா, எங்கப்பா வருமானத்த எல்லாரும் பாத்துட்டாங்க. எடுத்துருங்க ஐயா" என்றார். உடனே நீக்கினோம். ஆயினும் அதற்குள் அறுபது செல்பேசிகளில் அப்பட்டியல் இறங்கிவிட்டது. சங்கப் புலவன் பெயரைக் கூறத் தயங்கிய மரபை அன்று காலைதான் அவ்வகுப்பில் நடத்தியிருந்தோம்.

நாம் தீய நோக்கத்தோடு செய்யவில்லை. பெரும்பாலான கசிவுகள் தீய நோக்கத்தால் நிகழ்வதும் இல்லை. ஒரு காரியத்துக்கென வாங்கியதை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தும் எளிய மனப்போக்கிலிருந்தே அவை தொடங்குகின்றன. ஜெராக்ஸ் கடையில் கிடக்கும் ஆதார் நகல்களும், அடுக்ககக் காவலர் ஏட்டில் எழுதிவிட்டு வரும் செல்பேசி எண்களும் இதே வகையின.

தமிழ்த்துறையின் கடன்

2023 ஆகஸ்டில் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. படிப்படியே நடைமுறைக்கு வரும் வண்ணம் 18 மாத அவகாசமும் தரப்பட்டுள்ளது. ஒப்புதல் தன்விருப்பாகவும், குறித்த நோக்கத்துக்கு மட்டுமாகவும், தெளிந்து தருவதாகவும் இருத்தல் வேண்டும். தந்ததைத் திரும்பப் பெறவும் இயலும். மீறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு எனக் காரணம் காட்டி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்பதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு இதனால் குறுகிற்று என்பதும் கவலைக்குரியன. 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரத்தை இது தலைகீழாக்கிவிடும் அச்சம் உண்டு.

இச்சட்டத்தில் தமிழாசிரியர்க்கென்றே வாய்த்த ஒரு பகுதியும் இருக்கின்றது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எம்மொழியிலோ படிக்க வழி தருதல் வேண்டும் என்பது அது. தமிழும் அவற்றுள் ஒன்று. பல்லடத்தில் தறி ஓட்டும் ஒருவர், எதற்கு ஒப்புகின்றோம் என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமை பெற்றுள்ளார். அந்தத் தமிழை எழுதப்போகிறவர் யார்? இயந்திரம் பெயர்த்த, எவருக்கும் விளங்காத வாசகம் ஒன்று அங்கே இடப்படுமாயின், உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். விளங்காத மொழியில் வாங்கிய ஒப்புதல், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வெற்றுத்தாளில் பெற்ற பெருவிரல் ரேகைக்குச் சமம்.

ஆகவே நாம் மூன்றினை முன்வைக்கின்றோம். முதலாவது, நம் துறையிலும் கல்லூரியிலும் மாணவரிடம் கேட்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் 'எதற்கு?' என்னும் வினாவை நாமே எழுப்பி, விடையற்றவற்றைப் படிவத்திலிருந்து நீக்குதல் வேண்டும். ஆதார் நகல் தவிர்க்க இயலாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்கலாம். இரண்டாவது, ஒப்புதல் அறிவிப்புகளை எளிய நற்றமிழில் எழுதும் பயிற்சியை நம் மாணவர்க்கு ஒரு பாடமாகவே தருதல் வேண்டும். ஆட்சித்தமிழ் கற்பித்த துறைக்கு இஃது அரிய பணியன்று. மூன்றாவது, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டிக்கும் தாய்க்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறலாகாது என்பதையும், கேட்கும் கடைக்காரர்க்கெல்லாம் எண்ணைத் தருதல் கடமையன்று என்பதையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

நக்கீரர் வேம்பு எனும் ஒரு சொல்லைச் சொன்னதனால் ஒரு பாட்டு அகத்திலிருந்து புறத்துக்குச் சென்றது. பாட்டுக்கு அதனால் குறைவொன்றும் இல்லை. இன்றும் அதனைப் பயின்று மகிழ்கின்றோம். மனிதர் வாழ்வு அத்தகையதன்று. அன்று துறை வாயிலில் நின்ற அம்மாணவி இப்போது பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவருடைய தந்தையின் வருமானம் எத்தனை செல்பேசிகளில் இன்னும் கிடக்கின்றதோ, நாம் அறியோம். அடுத்த பட்டியல் நம் கைக்கு வரும்போதேனும், அனுப்புமுன் ஒரு கணம் நின்று அவரை நினைத்துக்கொள்வோம்.